பழைய புல்லட்டில் செயின் மாற்றுவதும் டைட் வைப்பதும்

இங்கே சொல்வதெல்லாம் வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டுக்கு. வலது காலில் கியர், இடது காலில் பிரேக், நான்கு கியர் உள்ள 350, 500 இரண்டுக்கும் பொருந்தும். 1955-ல் மெட்ராஸில் என்ஃபீல்ட் இந்தியா தொடங்கிய பிறகு திருவொற்றியூரில் இருந்து பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமில்லாமல் வந்த வண்டி இது. 1960-களின் வண்டிக்கும் 1990-களின் வண்டிக்கும் செயின் வேலை ஏறக்குறைய ஒன்றுதான்.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த வண்டியில் பின்பக்க ஸ்ப்ராக்கெட் தனிச் சாமான் இல்லை. 38 பல்லும் பிரேக் டிரம்மும் ஒரே வார்ப்பு. மற்ற வண்டிகளில் நாலைந்து போல்ட்டைக் கழற்றி ஸ்ப்ராக்கெட்டை மட்டும் மாற்றிவிடலாம். இதில் பல் தேய்ந்தால் டிரம்மையே மாற்ற வேண்டும். அல்லது லேத்தில் பல்லைச் சீவி எடுத்துவிட்டு வேறு வளையம் பொருத்த வேண்டும். முன்பக்க ஸ்ப்ராக்கெட்டோ பிரைமரி கேஸுக்கு (எஞ்சினையும் கிளட்சையும் இணைக்கும் செயின் இருக்கும் இடது பக்க உறை) பின்னால் ஒளிந்திருக்கிறது. அதைத் தொட கிளட்ச் வரை கழற்றியாக வேண்டும். மூன்றிலும் விலை குறைவானது, மாற்ற எளிதானது செயின்தான். தேய்ந்த செயினை "இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்" என்று விட்டால், மிச்சமான காசுக்குப் பல மடங்கு டிரம்மில் போகும்.

செயின் முடிந்துவிட்டதா?

"செயின் நீண்டுவிட்டது" என்கிறோம். உண்மையில் இரும்புத் தகடு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் தகடுகளைக் கோத்திருக்கும் பின் என்ற சிறு கம்பியும் அதைச் சுற்றியுள்ள புஷ்ஷும் உராய்ந்து தேய்கின்றன. ஒரு கண்ணிக்கு மயிரிழை அளவுதான். நூறு கண்ணி சேரும்போது ஒரு முழுக் கண்ணி நீளம் கூடிவிடும். அந்தச் செயின் பல்லின் அடியில் உட்காராமல் நுனிப் பக்கம் ஏறி ஓடும். பல் கொக்கி போல வளைவது அதனால்தான்.

அளந்து பார்த்துவிடுவது நல்லது. புல்லட்டின் பின்பக்கச் செயினில் பிட்ச், அதாவது ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் உள்ள தூரம், 5/8 அங்குலம் (15.875 மி.மீ.). வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் வைத்து, செயினின் கீழ்ப்பகுதியை இழுத்துப் பிடித்து விறைப்பாக்குங்கள். ஒரு பின்னில் தொடங்கி 25-ஆவது பின் வரை, மையத்துக்கு மையம் அளங்கள். நடுவில் 24 பிட்ச். புதுச் செயின் என்றால் சரியாக 381 மி.மீ. இருக்கும். 386-ஐத் தாண்டினால் புதுச் செயின் வாங்கி வையுங்கள். 388, 389 வந்தால் அன்றே மாற்றுங்கள். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. ஆகவே மூன்று நான்கு இடங்களில் அளந்து, அதிகமாக வந்த அளவையே கணக்கில் எடுங்கள்.

டேப் இல்லாத இடத்தில் இன்னொரு வழி உண்டு. பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்கோடியில், கடிகாரத்தில் மூன்று மணி இருக்கும் இடத்தில், செயினை விரலால் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் கதை முடிந்தது. கையில் எடுத்த செயினைப் பக்கவாட்டில் பிடிக்கும்போது வில்லாக வளைந்து தொங்கினாலும் அதே தீர்ப்பு.

பல்லை மேலோட்டமாகப் பார்க்காமல் டார்ச் அடித்துப் பாருங்கள். நல்ல பல்லுக்கு இரண்டு பக்கமும் ஒரே சாய்வு இருக்கும். ஒரு பக்கம் குழிந்து நுனி ஒரு திசையில் சாய்ந்திருந்தால் கொக்கி விழுந்துவிட்டது. அந்த டிரம்மில் புதுச் செயின் போட்டால் செயினும் வேகமாகத் தேயும். பல்லின் பக்கவாட்டில் பளபளவென்று தேய்மானம் தெரிந்தால் காரணம் வேறு: சக்கரம் நேரில் இல்லை. அதைப் பின்னால் பார்ப்போம்.

என்ன வாங்குவது

அளவு 5/8 × 3/8 அங்குலம் (பிட்ச் × அகலம்). கடையில் 530 என்று கேளுங்கள். 428, 520 என்று எதையாவது நீட்டினால் வாங்காதீர்கள். 428-க்குப் பிட்ச்சே வேறு. 520-க்குப் பிட்ச் சரியாக வரும், ஆனால் அகலம் போதாமல் பல்லில் இறங்காது. கோயம்புத்தூர் ரோலான், டைமண்ட் இரண்டும் நம் ஊரிலேயே கிடைக்கும் நல்ல செயின்கள். பெயரில்லாத பெட்டியில் வரும் மலிவுச் செயின் முதல் சில நூறு கிலோமீட்டரிலேயே தொய்ந்து, வாராவாரம் ஸ்பேனரைக் கையில் எடுக்க வைக்கும்.

ஓ-ரிங் செயின் (தகடுகளுக்கு நடுவில் ரப்பர் வளையம் உள்ளது) போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். போடலாம், ஆனால் அதன் பின்கள் நீளமானவை. பிரைமரி கேஸின் பின்புறம், செயின் கவர், டயரின் ஓரம் ஆகிய மூன்று இடத்திலும் உரசாமல் போகிறதா என்று சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். இந்த வண்டியின் வேகத்துக்கும் பவருக்கும் சாதாரண ரோலர் செயினே தாராளம்.

நீளத்தில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். பழைய செயினைத் தரையில் போட்டு, பக்கத்தில் புதியதை வைத்து, நீளம் பார்த்து வெட்டக் கூடாது. பழையது ஒரு கண்ணி அளவு நீண்டிருக்கும். அதே நீளத்துக்கு வெட்டினால் புதியதில் ஒரு கண்ணி கூடிவிடும். லாக்கையும் (செயினின் இரு முனைகளையும் இணைக்கும், கழற்றக்கூடிய கண்ணி) சேர்த்துக் கண்ணிகளை எண்ணுங்கள். எண்ணிக்கை இரட்டைப்படையில் இருக்க வேண்டும், ஏனென்றால் உள்கண்ணியும் வெளிக்கண்ணியும் மாறி மாறி வருகின்றன. ஒற்றைப்படை வந்தால், யாரோ முன்பு வளைந்த அரைக் கண்ணி ஒன்றைப் போட்டு ஒப்பேற்றியிருக்கிறார்கள். செயினில் முதலில் உடைவது அதுவாகத்தான் இருக்கும்.

முன் ஸ்ப்ராக்கெட்டின் பல்லையும் எண்ணுங்கள். 350-ல் பெரும்பாலும் 16 பல். ஹைவேயில் எஞ்சின் நிதானமாக ஓடட்டும் என்று 17, 18 போட்டவர்களும் உண்டு. ஒரு பல் கூடினால் பின் அச்சு ஏறத்தாழ 4 மி.மீ. முன்னே வர வேண்டும். இரண்டு பல் என்றால் 8 மி.மீ. வண்டி கைமாறி வந்தது என்றால், இந்தக் கணக்கைப் பார்க்காமல் செயின் வாங்கினால் பின் அச்சை நகர்த்தும் கேம் கடைசிக்குப் போயும் சரியான தொய்வு கிடைக்காது.

புதுச் செயின் நீளமாக இருந்தால் வெட்ட வேண்டிய வெளிக்கண்ணியின் இரண்டு பின் தலைகளையும் கிரைண்டரில் தகட்டு மட்டத்துக்குத் தேய்த்துவிட்டு, செயின் கட்டரால் அழுத்தி வெளியேற்றுங்கள். தலையைத் தேய்க்காமல் சுத்தியல் போட்டால் பக்கத்துக் கண்ணி நெளியும். வெட்டிய பிறகு இரண்டு முனையிலும் உள்கண்ணி நிற்க வேண்டும், அப்போதுதான் லாக் சேரும்.

கழற்றுவதும் கோப்பதும்

தேவையானவை: சரியாக உட்காரும் ரிங் ஸ்பேனர்கள், மூக்குக் கொறடு, கட்டிங் பிளேயர், மண்ணெண்ணெய், பழைய பிரஷ், வேஸ்ட், அளவுகோல், நூல். ஸ்பேனரில் கஞ்சத்தனம் வேண்டாம். பல கைகள் பட்ட வண்டி. அச்சு நட்டின் மூலைகள் ஏற்கெனவே பாதி மழுங்கியிருக்கும். லூஸான ஸ்பேனர் போட்டால் மீதியும் போய்விடும்.

வண்டியை சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் வையுங்கள். செயின் கவரைக் கழற்றுங்கள். சக்கரத்தைச் சுற்றி லாக்கைப் பின் ஸ்ப்ராக்கெட்டின் மேலேயே கொண்டுவந்து நிறுத்துங்கள். முனைகளைப் பல்லே பிடித்துக்கொள்வதால் கழற்றும்போது செயின் சட்டென்று இழுத்துக்கொண்டு போகாது. கொறடால் கிளிப்பின் பிளந்த முனையைத் தள்ளுங்கள். கிளிப் எங்காவது தெறிக்கும், மேலே ஒரு துணியைப் போர்த்திக்கொள்ளுங்கள். தகட்டை எடுத்து லாக்கை உள்பக்கமாக உருவுங்கள்.

இங்கே நிதானம் தேவை. பழைய செயினை அப்படியே உருவி எடுத்துவிட்டால், முன் ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றிப் புதியதைக் கோக்க அரை மணி நேரம் கம்பியோடு மல்லுக்கட்ட வேண்டும். அதனால் பழைய செயினின் மேல் முனையோடு புதுச் செயினின் முனையை அந்த லாக்கைக் கொண்டே இணையுங்கள். கிளிப் தேவையில்லை, தகடு மட்டும் போதும். கீழ் முனையை மெல்ல இழுத்தால் பழையது வெளியே வரும், புதியது தானாகவே முன் ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றிக் கீழே வந்து சேரும். பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதன் இரு முனைகளையும் பின் ஸ்ப்ராக்கெட்டின் பல்லில் பக்கத்துப் பக்கமாக உட்கார வையுங்கள். எட்டவில்லையா? செயினைக் குறை சொல்லும் முன், பழைய தேய்ந்த செயினுக்காக அச்சு பின்னால் தள்ளியே இருக்கும் என்பதை நினைவில் வைத்து, அச்சு நட்டுகளைத் தளர்த்திச் சக்கரத்தை முன்னே தள்ளுங்கள்.

லாக்

புதுச் செயினோடு வந்த புது லாக்கையே போடுங்கள். பழைய கிளிப்புக்கு விறைப்புப் போயிருக்கும்.

லாக்கின் பின்களில் கொஞ்சம் கிரீஸ் தடவி, சக்கரத்துப் பக்கத்திலிருந்து வெளியே நுழையுங்கள். வெளித்தகட்டை மாட்டி, இரண்டு பின்களிலும் கிளிப்புக்கான காடி முழுதாகத் தெரியும் வரை அழுத்துங்கள். ஒரு காடி பாதி மறைந்திருந்தாலும் கிளிப் மேலே மிதக்கும். அப்படி மிதக்கும் கிளிப் ஓடும் வழியில் கழன்று விழும்.

கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். செயினின் மேல்பகுதி முன்னோக்கி ஓடுகிறது, கீழ்ப்பகுதி பின்னோக்கி. ஆகவே லாக் மேலே இருக்கும்போது மூடிய முனை முன்சக்கரத்தைப் பார்க்கும். அதே லாக் கீழே வந்தால் பின்சக்கரத்தைப் பார்க்கும். மாற்றிப் போட்டால், எங்காவது செயின் கவரில் உரசும்போது பிளந்த வாய் மாட்டிக் கிளிப் பிடுங்கிக்கொண்டு போகும். கொறடின் ஒரு தாடையைப் பின்னின் மேலும், மற்றதைக் கிளிப்பின் முனையிலும் வைத்து அழுத்துங்கள். "டக்" என்று உட்காரும். ஸ்க்ரூ டிரைவரால் வாயை விரித்து மாட்டுவது கிளிப்பைக் கெடுக்கும். முடிந்ததும் லாக்கை விரலால் மடக்கிப் பாருங்கள். பக்கத்துக் கண்ணிகளைப் போலவே தடையின்றி மடங்க வேண்டும்.

தொய்வு வைப்பது

முதலில் எவ்வளவு என்று பார்ப்போம். சென்டர் ஸ்டாண்டில், கீழ்ப்பகுதியின் நடுவில், மேலும் கீழுமாக மொத்தம் 25 முதல் 30 மி.மீ. அதுவும் செயினின் மிக இறுக்கமான இடத்தில். சக்கரத்தை மெல்லச் சுற்றி நான்கைந்து இடங்களில் பாருங்கள். பழைய டிரம் வட்டம் தப்பியிருக்கும். ஓரிடத்தில் 40 இருக்கும், இன்னோரிடத்தில் 25. தளர்ந்த இடத்தில் 25 வைத்துவிட்டால் இறுக்கமான இடத்தில் செயின் கம்பி போல விறைக்கும். இறுக்கமான இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அங்கேயே அளவு வையுங்கள்.

இவ்வளவு தொய்வு எதற்கு? முன் ஸ்ப்ராக்கெட்டின் மையமும், பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆர்மின் மையமும் (பிவட்) ஒன்றல்ல, பிவட் அதற்குப் பின்னால் இருக்கிறது. சக்கரம் மேலே ஏறி, முன் ஸ்ப்ராக்கெட், பிவட், பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும் நேரத்தில் இடைவெளி அதிகபட்சம், செயின் இறுக்கமும் அதிகபட்சம். ஸ்டாண்டில் சக்கரம் தொங்கும்போது கையில் தெரிவது அதைவிடத் தளர்ந்த நிலை. ஆகவே அளவு வைத்த பிறகு ஸ்டாண்டை இறக்கி, ஒருவரை உட்காரச் சொல்லி, இன்னொரு முறை பாருங்கள். ஆள் உட்கார்ந்த நிலையிலும் 12 முதல் 15 மி.மீ. இருக்க வேண்டும். எப்போதும் இரண்டு பேர் ஏறும் வண்டி என்றால் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பாருங்கள்.

டைட்டாக வைத்தால் சத்தம் குறையும் என்று பலர் 10 மி.மீ. வைக்கிறார்கள். பள்ளத்தில் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் அந்தச் செயின் கியர்பாக்ஸின் மெயின் பேரிங்கையும் ஹப் பேரிங்கையும் பிடித்து இழுக்கிறது. முன் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் ஆயில் கசிவதற்கு இதுவும் ஒரு காரணம். அளவு தெரியாவிட்டால் டைட்டைவிடக் கொஞ்சம் லூஸ் மேல். ஆனால் 45-ஐத் தாண்டவிட்டால் செயின் பல்லைத் தாண்டிக் குதிக்கும். கழன்று முன் ஸ்ப்ராக்கெட்டுக்கும் கேஸுக்கும் நடுவில் சுருண்டால் அலுமினியக் கேஸ் பிளக்கும்.

இனி வேலை. இரண்டு பக்கத்து அச்சு நட்டையும், இடது பக்கம் பிரேக் தகட்டைப் பிடித்திருக்கும் ஆங்கர் நட்டையும் தளர்த்துங்கள். ஆங்கர் நட்டை மறந்துவிட்டு, இடது பக்கம் நகரவில்லையே என்று கேமைச் சுத்தியலால் தட்டுவது அடிக்கடி நடக்கிறது. பிரேக் ராடின் நட்டையும் சில சுற்று தளர்த்துங்கள். அச்சின் இரு முனையிலும் நத்தை வடிவில் பல்வெட்டு உள்ள கேம்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஸ்விங் ஆர்மில் உள்ள முளையில் முட்டி நிற்கிறது. இரண்டையும் ஒரே எண்ணிக்கையில், ஒவ்வொரு வெட்டாகத் திருப்புங்கள். இடது பக்கம் ஐந்தாவது வெட்டு என்றால் வலது பக்கமும் ஐந்தாவது.

நட்டை முறுக்கும் முன் இரண்டு கேமும் முளையில் முட்டுகின்றனவா என்று பாருங்கள். முட்டாமல் விட்டால் முதல் அழுத்தமான ஆக்ஸிலரேட்டரிலேயே சக்கரம் முன்னே நகர்ந்து கோணும். ஒரு துணியைச் சுருட்டி, செயினின் கீழ்ப்பகுதி பின் ஸ்ப்ராக்கெட்டில் ஏறும் இடத்தில் வைத்து, சக்கரத்தைக் கையால் முன்னோக்கிச் சுற்றுங்கள். துணி நடுவில் மாட்டிச் செயினை விறைப்பாக்கி அச்சை முன்னே இழுத்துப் பிடிக்கும். விரலைத் தள்ளியே வையுங்கள். அப்படியே அச்சு நட்டுகளை முறுக்குங்கள். பிறகு சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றித் துணியை எடுத்து, பிரேக் பெடலை அழுத்திப் பிடித்தபடி ஆங்கர் நட்டை முறுக்குங்கள். ஷூக்கள் டிரம்மின் நடுவில் உட்கார்ந்த நிலையில் தகடு பூட்டப்படும்.

நட்டை முறுக்கும்போது அளவு மாறுவது சகஜம். மறுபடி அளங்கள். சரியில்லை என்றால் ஒரு வெட்டு முன்னே பின்னே போட்டு மறுபடியும் முறுக்கத்தான் வேண்டும்.

அச்சு பின்னே போனால் பிரேக் ராடு இழுபட்டு, பெடலைத் தொடாமலே பிரேக் பிடிக்கும். முன்னே வந்தால் பெடல் ஆழத்துக்குப் போகும். புதுச் செயின் போட்டால் அச்சு முன்னேதான் வரும் என்பதால் பிரேக் குறைந்திருக்கும். ராடு நட்டைச் சரிசெய்து, சக்கரம் தடையில்லாமல் சுற்றுகிறதா, பிரேக் லைட் எரிகிறதா என்று பார்த்துவிட்டே வண்டியை வெளியே எடுங்கள்.

சக்கரம் நேரில் இருக்கிறதா

கேம் வெட்டுகள் இரு பக்கமும் சமம் என்பது தொடக்கம் மட்டுமே. ஸ்விங் ஆர்ம் லேசாக நெளிந்திருந்தாலோ முளை தேய்ந்திருந்தாலோ அந்தக் கணக்கு பொய் சொல்லும். நூல் போட்டுப் பாருங்கள். பழைய 350-ல் முன்னும் பின்னும் 3.25 × 19 டயர்தான். பின் டயரைச் சுற்றித் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நூலைக் கட்டி, இரு பக்கமும் முன்னே இழுத்தால், ஒவ்வொரு பக்கமும் இரண்டு டயரையும் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் தொட வேண்டும். 500-ல் பின் டயர் 3.50 என்பதால் முன் டயரின் இரு பக்கமும் 3 மி.மீ. அளவுக்கு இடைவெளி சமமாகத் தெரியும். ஒரு பக்கம் ஒட்டி மறுபக்கம் விலகினால் ஒரு கேமை மட்டும் ஒரு வெட்டு மாற்றிப் பாருங்கள். பின்னால் குனிந்து நின்று செயினின் மேல்பகுதியை ஒற்றைக் கண்ணால் பார்த்தாலும், கோணல் இருந்தால் ஸ்ப்ராக்கெட்டை விட்டு வெளியேறும் இடத்தில் மடிப்பு தெரியும்.

எல்லாச் சத்தமும் செயின் இல்லை

அளவு சரியாக வைத்தும் கியர் விடும்போது "டொக்" என்று இடித்தால், டிரம்முக்கும் ஹப்புக்கும் நடுவில் இருக்கும் கஷ் ரப்பர்களைப் பாருங்கள். அவை நசுங்கினால் செயின் லூஸ் போலவே உதறும். சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு டிரம்மை மட்டும் அசைத்தால் விளையாட்டு தெரியும். எஞ்சின் ஐடிலில் இடது கேஸுக்குள் கேட்கும் உரசல் சத்தம் பிரைமரி செயினுடையது. அதற்குத் தனி அட்ஜஸ்ட்மென்ட் இருக்கிறது, தொய்வு அளவும் வேறு: 6 மி.மீ. பின் செயினை எவ்வளவு முறுக்கினாலும் அந்தச் சத்தம் போகாது.

எண்ணெய்

500 கி.மீ.க்கு ஒருமுறை, மழையில் நனைந்தால் அன்றைக்கே. வண்டி ஓடி வந்து செயின் சூடாக இருக்கும்போது, 90 நம்பர் கியர் ஆயிலைக் கீழ்ப்பகுதியின் உள்பக்கமாக, தகடுகளின் விளிம்பில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சுழலும்போது எண்ணெய் தானாக வெளியே பரவும். தேவைப்படும் இடம் தகடுகளுக்கு நடுவில் உள்ள பின். ரோலரின் மேல் பளபளவென்று பூசி எந்தப் பயனும் இல்லை. பத்து நிமிடம் ஊறவிட்டு மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மண்ணோடு சேர்ந்து தேய்ப்பு மாவாகிவிடும். எஞ்சினிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலை ஊற்றும் பழக்கம் வேண்டாம். அதில் மிதப்பது இரும்புத் துகள். கழுவ மண்ணெண்ணெயும் பிரஷும் போதும். ஓ-ரிங் செயின் என்றால் பெட்ரோலில் கழுவாதீர்கள், அது ரப்பரைத் தின்றுவிடும்.

சக்கரத்தைக் கையால் மட்டும் சுற்றுங்கள். ஸ்டாண்டில் எஞ்சினை ஓடவிட்டு, கியர் போட்டு, வேஸ்ட்டால் செயினைத் துடைப்பதைப் பட்டறைகளில் இன்னமும் பார்க்கலாம். நூலிழை ஒன்று மாட்டினால் துணியோடு விரலும் ஸ்ப்ராக்கெட்டுக்குள் போகும். கையை உருவ நேரம் கிடைக்காது.

புதுச் செயின் முதல் 100 கி.மீ.யில் கொஞ்சம் தளரும். அப்போது ஒருமுறையும் 500-ல் ஒருமுறையும் அளந்து பாருங்கள். அதற்குப் பிறகும் வாராவாரம் தளர்ந்துகொண்டே போனால் செயின் தரமற்றது, அல்லது பல் தேய்ந்த டிரம் அதைத் தின்கிறது. டூல் பாக்ஸில் ஒரு 530 லாக்கைத் தகடு, கிளிப்போடு பிளாஸ்டிக் பையில் கிரீஸ் தடவிப் போட்டு வையுங்கள். நெடுஞ்சாலையோரக் கடைகளில் 428 லாக் எங்கும் கிடைக்கும். 530 கிடைப்பது அபூர்வம்.